அறிகுறி ஒன்று, காரணம் பல
(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் யாது என்று கேட்டால், பங்குத்தொகை, சேமநிதி, மத்திய வங்கியிலிருந்து பெற்ற கடன் என்று பேரேடு விடை கூறும். ஆனால் எந்தப் பேரேட்டிலும் ஏறாத மூலதனம் ஒன்று உண்டு. அஃது அங்கத்தினரின் உடல்நலம். கையும் காலும் கண்ணும் ஒருங்கே இயங்கினால்தான் நெசவாளரின் தறி ஓடும். குனிந்து நிமிர வலிமை இருந்தால்தான் விவசாயி நடவும் களையெடுப்பும் செய்ய இயலும். இவ்வலிமை குன்றும்பொழுது வாங்கிய கடன் தவணை தவறுகின்றது. ஜாமீன் நின்றவர் தலையில் பாரம் ஏறுகின்றது. முடிவில் சங்கமே தளர்கின்றது.

ஆய்வின் பொருட்டுப் பல சங்கங்களின் பதிவேடுகளைப் பார்த்து வருகின்றவன் என்ற முறையில் ஓர் உண்மையைக் கூற விரும்புகின்றேன். ஒரு குடும்பத்தில் நோய் புகுந்த செய்தி டாக்டரை எட்டுவதற்கு முன்னரே சங்கத்தின் நூல் பதிவேட்டில் தென்பட்டுவிடுகின்றது. மாதம் இரண்டு பாவு நெய்தவர் ஒன்றாகக் குறைப்பார். பின்னர் அந்த ஒன்றும் நாள் கடந்து வரும். அதனைச் சோம்பல் என்றோ, வெளியாருக்கு நெய்கின்றார் என்றோ முடிவுகட்டிவிடுதல் எளிது. காரணத்தை விசாரித்து அறிதலே கடினம்.

பணப் பெட்டியில் இருப்புக் குறைந்திருக்கக் கண்டால், குறைந்த தொகையை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்துச் சரிக்கட்டிவிட்டுப் போவது ஆய்வாகாது. குறை எந்த நாளில், எந்தச் சீட்டில், எவ்வாறு ஏற்பட்டது என்று தேடிக் காண்பதே ஆய்வு. நோயின் விஷயமும் இத்தகையதே. இருமல், சோர்வு, மரத்துப்போதல், காய்ச்சல் என்பவை நோய்களல்ல. நோய் இருப்பதைக் காட்டும் அறிகுறிகள். ஒரே அறிகுறிக்குப் பொதுவான காரணமும் இருக்கலாம். அரிதான காரணமும் இருக்கலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் வைத்தியராக வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்த அறிகுறி தோன்றினால் தாமதிக்கலாகாது, டாக்டரிடம் எதனை மறவாது கூறவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இருமல்

தறி ஓடும் வீட்டில் இருமல் சத்தம் கேட்பது புதிதன்று. சளி பிடித்தலால் வரும் இருமல் பெரும்பாலும் சில நாட்களில் தானே தணிந்துவிடும். புகை பிடிப்பதாலும் அடுப்புப் புகையாலும் வரும் இருமல் நாட்பட்டுத் தொடரும். ஆஸ்துமா உள்ளவர்க்கு இரவிலும் விடியற்காலையிலும் இழுப்பு மிகும். இவை யாவும் பொதுவானவை.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலும் காசநோயாக இருக்கலாம் என்று கருதிச் சளியைப் பரிசோதிப்பது அவசியம். மாலைதோறும் இலேசான காய்ச்சல், இரவில் வியர்த்தல், பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை அதன் மற்ற அறிகுறிகள். இந்நோய் முன்வினையாலோ பரம்பரையாலோ வருவதன்று. இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி அறிவித்தார். நோயுற்றவர் இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் கிருமி காற்றில் கலக்கின்றது. காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத அறையில் அது மற்றவரை எளிதில் பற்றுகின்றது. ஒரே அறையில் தறியும் சமையலும் படுக்கையும் அமைந்த நமது வீடுகள் பல இவ்வகையில் அபாயமுள்ளவை.

இந்நோயின் வரலாற்றில் நமது சென்னைக்குச் சிறப்பான இடம் உண்டு. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை ஒன்றுசேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. அக்காலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதே கொள்கை. நகரத்தின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. நெருக்கமான வீட்டில், குறைந்த ஆகாரத்தோடு இருந்தவர்களும், சானடோரியத்தில் இருந்தவர்களைப் போன்றே குணமடைந்தனர். அவர்கள் வீட்டில் இருந்தமையால் குடும்பத்தார்க்கு நோய் பற்றும் அபாயம் கூடவில்லை என்பதும் தெளிவாயிற்று. குணமாக்கியது மலைக்காற்றன்று, முறை தவறாது உட்கொண்ட மருந்து. தொழிலாளியை வீட்டை விட்டும் தறியை விட்டும் பிரிக்காமலேயே குணப்படுத்தலாம் என்ற இப்பேருண்மை நம் ஊரில் நிலைநாட்டப்பட்டது. அந்நிலையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது.

இன்று சாதாரண வகைக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை போதுமானது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டம் 2018-இல் தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வளவு வசதி இருந்தும் நோய் நம்மை விட்டு நீங்காமைக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதும் இருமல் நிற்கின்றது, பசி எடுக்கின்றது, உடல் தேறுகின்றது. 'குணமாகிவிட்டது' என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலையெடுக்கின்றன. அம்மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிமையையும் பெறக்கூடும். தவணைக் கடனில் கடைசித் தவணை வரை கட்டினால்தான் பத்திரம் கைக்கு வரும் என்பதை அறிந்த நாம், இதனையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் கண்டதை இங்கே கூறுதல் பொருந்தும். அங்கத்தினர் ஒருவரின் உற்பத்தி ஐந்து மாதமாகக் குறைந்து வந்தது. அவருக்கு நூல் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று நிர்வாகக் குழுவின் முன் தீர்மானம் வந்தது. குழுவினருள் வயது முதிர்ந்த ஒருவர் மட்டும், "நூலை நிறுத்துவதற்கு முன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம்" என்றார். சென்று பார்த்தபொழுது அவர் நாட்பட்ட இருமலோடு படுத்திருந்தார். நோயென்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சிக் குடும்பத்தார் மறைத்து வைத்திருந்தனர். கடைத் தெருவில் வாங்கிய இருமல் மருந்துக்கே கைப்பொருள் கரைந்திருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. தீர்மானம் கைவிடப்பட்டது. அவர் மருந்தை முறையாக முடித்துக்கொண்டு மறுபடியும் தறியில் அமர்ந்தார். அன்று அந்த ஒரு வார்த்தை கேட்கப்படாதிருந்தால், சங்கம் ஓர் அங்கத்தினரை இழந்திருக்கும்; அவ்வீட்டார் மற்றவர்க்கும் நோய் பரவியிருக்கும்.

இருமலுக்கு அரிதான காரணம் ஒன்றும் உண்டு. பருத்தி, சணல் முதலியவற்றின் தூசியை நெடுங்காலம் சுவாசிப்பதால் வரும் 'பிஸ்ஸினோஸிஸ்' என்னும் பஞ்சுத் தூசி நோயே அது. இதன் தனி அடையாளம், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுதல். இரண்டாம், மூன்றாம் நாளில் அது தணிந்துவிடும். நோய் முற்றினால் எல்லா நாட்களிலும் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். நூற்பாலைகளில் பஞ்சு உடைக்கும் பகுதியிலும் கார்டிங் பகுதியிலும் வேலை செய்வோர்க்கே இது மிகுதியாக வருகின்றது, கைத்தறியில் அரிது. தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. முன்னர் ஆலையில் வேலை செய்துவிட்டு இப்பொழுது தறிக்கு வந்திருப்பவர்கள், டாக்டரிடம் தம் பழைய வேலையையும் சொல்லுதல் அவசியம்.

சோர்வு

'வேலை ஓடவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகின்றது, தலை சுற்றுகின்றது' என்று பெண் அங்கத்தினர் பலர் கூறக் கேட்கின்றோம். கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் வெளிறியிருக்கும். சிலர்க்குப் பச்சரிசியும் மண்ணும் தின்னும் ஆசை எழும். இது இரத்தசோகை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர்.

உணவில் இரும்புச் சத்துக் குறைவதும், மாதவிலக்கில் மிகுந்த இரத்தம் போவதும், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறும் இதன் பொதுவான காரணங்கள். விவசாயக் குடும்பங்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் இதன் குஞ்சுகள் வாழ்கின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உடலில் நுழைகின்றன. நுழைந்த இடத்தில் அரிப்பு உண்டாகும். பின்னர் இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகக் குடலை எட்டி, அங்கே கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. புழு உறிஞ்சிக்கொண்டிருக்க இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும். ஆகவே டாக்டர் கூறும் பூச்சி மருந்தையும் உட்கொள்ள வேண்டும். கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும். களத்துமேட்டிலும் தோட்டத்திலும் செருப்பணிய வேண்டும்.

இரும்பு மாத்திரை சாப்பிடுவோர்க்கு மலம் கறுத்துப் போகும். அதனால் கெடுதல் இல்லை. அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தலாகாது. சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காய், எலுமிச்சை முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டால் நன்கு சேரும். ஆண்களுக்கும் முதியவர்க்கும் இரத்தசோகை வந்தால் அதனை உணவுக்குறை என்று விட்டுவிடலாகாது. வயிற்றுப் புண்ணிலோ குடற் கட்டியிலோ உள்ளுக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறியாகவும் அஃது இருக்கலாம்.

விரல் மரத்துப்போதல்

நெசவாளர்க்கு விரலே செல்வம். அறுந்த இழையைத் தடவிக் கண்டு முடிச்சுப் போடும் விரல் மரத்துப்போனால் அவர் தொழில் என்னாவது? இவ்வறிகுறிக்கு முக்கியமாக மூன்று காரணங்களைக் கூறலாம். அவற்றைப் பிரித்தறிய ஓரளவு வழியும் உண்டு.

முதலாவது, மணிக்கட்டில் நரம்பு நெரிபடுதல். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்து, இரவில் வலி மிகுந்து தூக்கம் கலையும். கையை உதறினால் சற்றுத் தணியும். ஓயாது மணிக்கட்டை மடக்கி வேலை செய்வோர்க்கும், கர்ப்பிணிகளுக்கும், தைராய்டுச் சுரப்புக் குறைந்தவர்க்கும் இது வரும். இரண்டாவது, நீரிழிவு. இதில் பெரும்பாலும் இரு பாதங்களும் முதலில் எரிந்து மரக்கும். கைகள் பின்னரே பாதிக்கப்படும். தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், ஆறாத புண் ஆகியவை உடனிருக்கலாம். தறியின் மிதியில் கால் பட்டுச் சிராய்த்த புண்ணை உணராமலே விட்டுவிடுவதுதான் இதில் பேரபாயம். இவ்விரண்டும் பொதுவானவை.

மூன்றாவது இன்று அரிதாகிவிட்டது, ஆயினும் மறைந்துவிடவில்லை. அது தொழுநோய். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றும்; அரிக்காது, வலிக்காது; அவ்விடத்தில் தொட்டால் உணர்ச்சி இராது. பல சமயங்களில் சுண்டுவிரலும் மோதிர விரலும் முதலில் வலுவிழந்து மடங்கத் தொடங்கும். சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கொப்புளம் கண்டபின்னரே சுட்டது தெரியவரும். 1873-இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்ஸன் இதன் கிருமியைக் கண்டார். 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் 6 மாதத்திலோ 12 மாதத்திலோ இது குணமாகின்றது. மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கியபின் மற்றவர்க்குப் பரவும் தன்மையும் விரைவில் நீங்கிவிடுகின்றது. ஆனால் ஒன்று: கிருமியை மருந்து அழிக்கும், நெடுங்காலம் கெட்டுப்போன நரம்பை மீட்டுத் தருவது அரிது. வெட்கத்தால் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் விரலின் வலிமைக்கு விலையாகின்றது. ஆகவே உணர்ச்சியற்ற படை எதனையும் தேமல் என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுவீர்களாக.

காய்ச்சல்

மழைக்காலத்துக் காய்ச்சலில் டெங்குவை யாவரும் அறிவர். திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணின் பின்புறத்தில் வலி, மூட்டுவலி தோன்றும். காய்ச்சல் தணியும் நாளே இதில் அபாயமான நாள் என்பதைச் சிலரே அறிவர். அப்பொழுது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் காணின் உடனே மருத்துவமனை செல்லவேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்குதல் கூடாது.

விவசாயிகள் அறியவேண்டிய காய்ச்சல்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலும் சேற்றிலும் இதன் கிருமி வாழ்கின்றது. காலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாகவும் நுழைந்துவிடும். கடுங்காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையில் தாங்கொணாத வலியும் கண் சிவத்தலும் தோன்றும். முற்றினால் மஞ்சள் காமாலையும், சிறுநீர் குறைதலும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். மஞ்சள் காமாலை என்று கண்டவுடன் நாட்டு மருந்தை மட்டும் நம்பி நாட்களைக் கழிப்பது இந்நோயில் மிகவும் கொடிய தவறு.

மற்றொன்று ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல். புதரிலும் வரப்புப் புல்லிலும் உள்ள மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் இது வருகின்றது. கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டாற்போல் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகலாம். அது வலிக்காது, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளியே அறியமாட்டார். கூச்சத்தால் அதனைக் காட்டாது விடுவோர் பலர். அந்தக் கறுப்புப் பொருக்கைக் கண்டால் டாக்டர் நோயை எளிதில் தீர்மானிப்பார். காலத்தில் கொடுத்தால் விலை குறைந்த மருந்துகளே இவ்விரு காய்ச்சல்களையும் தீர்க்க வல்லவை. எனவே காய்ச்சலோடு செல்லும்பொழுது 'சேற்றில் இறங்கி நடவு செய்தேன்', 'வரப்பில் புல் அறுத்தேன்' என்று கூறுவது, நாடி பார்ப்பதற்குச் சமமான உதவியாகும்.

மருந்து தெளிப்போர் கவனத்திற்கு

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து மனிதனுக்கு விஷம் என்பதை அறியாதார் இல்லை. அறிந்தும் வெற்றுடம்போடு தெளிக்கின்றோம். 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப் போன்று பயிர் செய்து பிழைத்தவர்களே.

ஆர்கனோ பாஸ்பேட் வகை மருந்துகள் வாயால் மட்டுமின்றித் தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உட்புகுந்து நரம்புகளின் இயக்கத்தைக் குலைக்கின்றன. கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், பார்வை மங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு ஏற்பட்டு இறுதியில் மூச்சு முட்டும். வெயிலின் மயக்கம் என்று எண்ணி நிழலில் படுக்கவைத்து மோர் கொடுத்துக்கொண்டிருத்தல் ஆகாது. வயலிலிருந்து அப்புறப்படுத்தி, நனைந்த துணியைக் களைந்து, உடம்பைச் சோப்பும் நீருமாகக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மருந்து டப்பாவையும் உடன் எடுத்துச் செல்லுதல் மிக முக்கியம்; அதன் பெயரைக் கொண்டே டாக்டர் மாற்று மருந்தை முடிவு செய்வார். டப்பாவின் மீதுள்ள முக்கோணத்தில் சிவப்பு மிகக் கடுமையான விஷத்தையும், மஞ்சள் அதற்கடுத்த நிலையையும், நீலம் நடுத்தரத்தையும், பச்சை குறைந்த விஷத்தையும் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்நிறங்களைப் படிக்கலாம்.

சங்கம் செய்யக்கூடியவை

மேற்கூறியவற்றுள் பெரும்பாலான நோய்களுக்கு மருந்து உண்டு. அவற்றுட் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் அம்மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே அறியாமை, அச்சம், வெட்கம், அன்றாடக் கூலி போய்விடுமே என்ற கவலை ஆகிய நான்கும் நிற்கின்றன. இவற்றை நீக்குவதில் சங்கம் செய்யக்கூடியது அதிகம்.

உற்பத்தியோ கடன் தவணையோ இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னர் நிர்வாகக் குழுவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கலாம். அறிந்த செய்தியை ஊரறியச் செய்யாது காத்தல் கண்ணியம். சிகிச்சையில் இருப்பவர்க்கு வேலையை அறவே நிறுத்தாமல் உடல் தாங்கும் அளவில் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து ஆண்டுக்கு ஒருமுறை சங்கக் கட்டடத்திலேயே இரத்தம், சர்க்கரை, சளி ஆகியவற்றைப் பரிசோதிக்கச் செய்யலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்களுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள அங்கத்தினரை அறிமுகம் செய்துவைக்கலாம். உரக்கிடங்கில் பூச்சிமருந்து விற்கும் சங்கம், கையுறையையும் முகக்கவசத்தையும் அதே மேசையில் வைத்து விற்றல் கடமையாகும். அவசரத்துக்கு 108 என்ற எண்ணைச் சங்கச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பதற்குப் பெரிய செலவில்லை.

ஒவ்வொருவரும் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒவ்வொருவருக்காகவும் என்பது கூட்டுறவின் கொள்கை. நூல் வாங்குவதிலும் உரம் வாங்குவதிலும் மட்டும் அக்கொள்கை நின்றுவிடலாகாது. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிந்ததும், 'இவ்வாண்டில் நம் அங்கத்தினருள் எத்தனை பேர் நோயால் வேலை இழந்தனர்? காரணம் என்ன?' என்ற வினாவையும் ஒருவர் எழுந்து கேட்பாராக. அதற்கு விடை கூறும் சங்கமே தன் மூலதனத்தை முழுமையாக எண்ணிப் பார்த்த சங்கமாகும்.